பாறைமேல் சின்னவன்

"யுவா, அக்கா பேசுறேன், கேக்குதா?" என்று மைக்கில் சொல்லிவிட்டு மோகனா பொத்தானிலிருந்து விரலை எடுத்தாள். ரேடியோப் பெட்டிக்குள்ளிருந்து தம்பியின் குரல் வந்தது. அடுத்த அறையில் உட்கார்ந்து பேசுவதுபோல அவ்வளவு தெளிவு. ஆனால் அவளுக்கான பதில் அதில் இல்லை. யாரோ ஒரு ஜப்பான்காரனுக்கு, குரல் நன்றாகக் கேட்கிறது என்பதற்கு, "ஃபிஃப்டி நைன், தேங்க் யூ" என்று சொல்லி, "ஃபைவ் அப்" என்று முடித்துவிட்டு, அடுத்த ஆளைத் தேடிப் போய்விட்டான்.

கதவுக்கு அந்தப் பக்கம், கூடத்தில், அம்மா ஜானகியைப் பெஞ்சில் கிடத்தியிருந்தார்கள். காலையில் தேத்தண்ணி கலக்க அடுப்படிக்குப் போனவள் அப்படியே சுவரோரம் சரிந்துவிட்டாள். பக்கத்து வீட்டுக்காரர் காரை எடுத்து வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அவளோடு ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டிய பெண்கள் சிம்பாங் அம்பாட்டிலிருந்து வேன் பிடித்து வந்து இறங்கியதிலிருந்து ஒப்பாரி ஓயவில்லை. ஜாசின் பாசாரில் காய் வாங்கிக்கொண்டிருந்தவர்கள்வரை சேதி போய்விட்டது. பெற்ற மூன்று பிள்ளைகளில் சின்னவனுக்கு மட்டும் தெரியாது. அவன் தென்சீனக் கடலின் நடுவில் ஒரு பாறைமேல் உட்கார்ந்திருந்தான்.

யுவனேஸ்வரனுக்கு ஜாசினில் டிவி, ரேடியோ பழுது பார்க்கும் கடை. வருமானம் அதில், உயிர் இந்தப் பெட்டியில். அரசாங்கத்திடம் உரிமம் வாங்கி, கூரைக்கும் பலாமரத்துக்கும் கம்பி இழுத்து, இந்தப் பின்னறையிலிருந்து உலகத்தோடு பேசிக்கொண்டிருப்பான். இதுவரை யாருமே பேசாத இடத்திலிருந்து யாராவது பேசினால் இந்த ரேடியோக் கூட்டத்துக்குப் பைத்தியம் பிடித்துவிடும். அப்படி ஓர் இடத்தைத் தேடித்தான் வெளிநாட்டு நண்பர்களோடு படகேறினான். கடல் ஏறும்போது மேசை உயரம்கூட வெளியே தெரியாத பாறைகள். பாறைக்கு ஓர் ஆள், ஆளுக்கு உட்கார ஒரு பலகைத் தட்டு, ஒரு ஜெனரேட்டர், ஒரு குடை. அலை பெரிதாக இருந்தால் ரப்பர் படகு கிட்டே வராது, அடங்கும்வரை அங்கேயே கிடக்க வேண்டியதுதான். இதையெல்லாம் ஏதோ கோயில் திருவிழாவுக்குப் போகிறவனைப்போல அவன் சிரித்துக்கொண்டே சொன்னபோது, அம்மா பாதிச் சோற்றில் எழுந்து போய்விட்டாள்.

மோகனாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நாற்காலியில் உட்காருவாள், எழுந்து கதவுவரை போவாள், குரல் மாறினால் ஓடிவருவாள். படகுக் கம்பெனிக்குப் போன் அடித்துப் பார்த்தாயிற்று. ஞாயிற்றுக்கிழமை, மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆள் இல்லை. மிச்சமிருந்த வழி இந்தப் பெட்டிதான். உரிமம் இல்லாமல் பேசுவது குற்றம் என்று அவளுக்குத் தெரியும். பிடிக்கிறவன் வந்து பிடித்துக்கொள்ளட்டும் என்று நினைத்தாள்.

கதவைத் திறந்துகொண்டு அண்ணன் காளிதாஸ் வந்து நின்றான். தலைக்குக் குளித்து, வேட்டி கட்டியிருந்தான். அது கொள்ளி வைக்கப் போகிறவனின் கோலம்.

மூன்று மணிக்கு எடுக்கலாம் என்று மாமா தம்புசாமி சொல்லிவிட்டாராம். கொள்ளிச்சட்டியைத் தானே தூக்கப்போவதாகச் சொன்னான். இதில் முறை என்று பார்த்தால், அப்பாவுக்கு மூத்தவன், அம்மாவுக்கு இளையவன். ஆனால் இளையவன் வந்து சேர்வது நடக்காத காரியம். பாறையிலிருந்து கரைக்கு வரவே நாள்கணக்காகும். அதனால் அண்ணன் தூக்குவதில் மோகனாவுக்கு வருத்தம் இல்லை. தம்பியிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் தூக்குவதுதான் அவளுக்கு ஆகவில்லை.

"அவன்கிட்ட சொல்லிட்டு செய்யலாம்ணே. கொஞ்சம் பொறு."

"அப்பாவுக்கு எங்கிட்ட சொல்லிட்டா செஞ்சீங்க?"

அப்பா செத்தபோது காளிதாஸ் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தான். ஜோகூர் பாலத்தில் நெரிசல், பஸ் நகரவில்லை. மழை வருகிறது, இருட்டுகிறது என்று மாமா தம்புசாமிதான் குதியாய்க் குதித்தார். சாவு வீட்டில் செத்தவரைத் தவிர மற்ற எல்லாரையும் விரட்டுகிற மனுஷன் அவர். மூத்தவன் தோளில் இருக்க வேண்டிய குடத்தைப் பள்ளிக்கூடம் முடித்த கையோடு இருந்த யுவாவின் தோளில் ஏற்றினார்கள். காளிதாஸ் சுடுகாட்டுக்கு வந்தபோது விறகு பாதி எரிந்திருந்தது. யாரையும் திட்டவில்லை, அழவும் இல்லை. அன்றிலிருந்து தம்பியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, "அவன்" என்பதோடு சரி. தீபாவளிக்குத் தீபாவளி இரண்டு பேரையும் ஒரே பாயில் உட்காரவைத்துச் சோறு போட்டுக்கொண்டிருந்தவள் இப்போது பெஞ்சில் கிடந்தாள். இன்றைக்கு இவன் சொல்லாமல் சட்டியைத் தூக்கிவிட்டால் பழிக்குப் பழி சரியாகிவிடும், அண்ணன் தம்பி உறவு அத்தோடு முடிந்தது.

"சமுத்திரத்துல போய் உக்காந்துகிட்டா நாம என்னா பண்றதுலா" என்று காளிதாஸ் முனகினான். ஆனால் போகவில்லை, கதவு நிலையில் சாய்ந்துகொண்டான்.

மோகனா மறுபடி பொத்தானை அழுத்தினாள். இந்த முறை அழுகையும் சேர்ந்து வந்தது. விரலை எடுத்ததும் ஊர் பேர் தெரியாதவர்கள் நாலைந்து பேர் பெட்டிக்குள்ளிருந்து அவள்மேல் பாய்ந்தார்கள். "அப், அப்" என்று ஒருவன் குரைத்தான். இன்னொருவன் விசில் அடித்தான். தம்பியோ எதுவும் நடக்காதவன்போல ஒரு ருஷ்யாக்காரனுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தான். அவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. செத்துக் கிடக்கிறாள்டா என்று கத்தலாமா என்று நினைத்தாள்.

அந்த நேரத்தில் பழகிய குரல் ஒன்று உள்ளே வந்தது. மஸ்ஜித் தானாவிலிருந்து தீபாவளிக்கு வீட்டுக்கு வந்து முறுக்கு தின்கிற, யுவாவைப்போலவே பெட்டி வைத்திருக்கிற நண்பன் ஹாலிம். "காக், டியா தாக் டெங்கார் சினி. நாய்க் லீமா." அக்கா, அவனுக்கு இங்கே கேட்காது, ஐந்து மேலே போங்கள் என்றான்.

அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். இத்தனை வருஷம் சுவருக்கு இந்தப் பக்கம் அவன் "ஃபைவ் அப்" என்று முடிப்பதைக் கேட்டிருக்கிறாள். வணக்கம் சொல்வதுபோல ஏதோ மரியாதைப் பேச்சு என்றே நினைத்துக்கொண்டிருந்தாள். நூற்றுக்கணக்கான பேர் ஒரே நேரத்தில் கூப்பிடும்போது, பேசுகிற இடத்திலேயே காது கொடுத்தால் அவன் குரல் அந்த இரைச்சலில் அமுங்கிப் போகும். அதனால் அவன் ஓர் அலைவரிசையில் பேசுகிறான், ஐந்து எண் மேலே தள்ளி இன்னொன்றில் கேட்கிறான், அதைத்தான் "ஃபைவ் அப்" என்கிறான். இவள் இவ்வளவு நேரமும் அவன் காது இல்லாத இடத்தில் நின்று கத்தியிருக்கிறாள்.

அலைவரிசைக் குமிழை ஐந்து எண் மேலே திருப்பினாள். அங்கே ஒரே சந்தைக்கடை, ஆளாளுக்கு உரிமத்தோடு வந்த தங்கள் அழைப்புக் குறியைக் கத்திக்கொண்டிருந்தார்கள். இந்தக் கூச்சலில் அக்கா என்று சொன்னால் யார் கண்டுகொள்வார்கள்? அவளுக்கு அப்போதுதான் புத்தி வேலை செய்தது. தம்பியின் சொந்தக் குறியையே, அவன் சொல்கிற அதே ராகத்தில், "நைன் எம் டூ" என்று தொடங்கி முழுதும் சொன்னாள். திரும்பத் திரும்பச் சொன்னாள். பிறகு குமிழைக் கீழே இறக்கி, அவன் பேசுகிற இடத்துக்கு ஓடிவந்தாள்.

யுவா பேச்சை நிறுத்தியிருந்தான். அந்தக் குறியோடு கூப்பிடுகிறவர் மட்டும் வரவும், மற்றவர்கள் பொறுக்கவும் என்று ஆங்கிலத்தில் சொன்னான். குரலில் சிரிப்பு இருந்தது, யாரோ விளையாடுகிறார்கள் என்று நினைத்திருப்பான். அடுத்த நொடியே சிரிப்பு போய்விட்டது.

"யாரு, அக்காவா?"

அவன் பெட்டியை அவன் வீட்டாரைத் தவிர வேறு யார் தொடப்போகிறார்கள்? மோகனா குமிழை மேலே கொண்டுபோனாள். சந்தை அடங்கியிருந்தது. சொன்னால் அலையென்றும் பாராமல் கடலில் குதித்துவிடுவானோ என்ற பயம் அப்போதுதான் வந்தது. வாய்வரை வந்துவிட்டதை விழுங்க முடியவில்லை.

"யுவா, அம்மா போயிட்டாங்கடா. காலையில."

கீழே வந்து கேட்டாள். வெறும் இரைச்சல். காளிதாஸ் நிலையை விட்டு இரண்டடி உள்ளே வந்திருந்தான்.

"அலை ஏறியிருக்குக்கா. படகு நாளைக்குத்தான் வரும்" என்றான் யுவா கடைசியில். "எறங்க மாட்டேன், பயப்படாத." பிறகு, "அண்ணன் இருக்கா?" என்று கேட்டான்.

அவள் மைக்கை நீட்டினாள். காளிதாஸ் அதை வாங்காமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். வெளியே மாமா தம்புசாமி, சடங்கு செய்யப் பண்டாரம் வந்தாச்சு, இன்னும் என்ன ரூமுக்குள்ளே என்று யாரிடமோ சத்தம் போட்டார். காளிதாஸ் காலால் கதவைச் சாத்திவிட்டு மைக்கை வாங்கினான். மோகனா குமிழைத் திருப்பி, அவன் கட்டைவிரலைப் பிடித்துப் பொத்தானில் வைத்தாள்.

காளிதாஸ் மைக்கை வாய்க்குக் கிட்டே கொண்டுபோனான்.

"யுவா, அம்மாவுக்கு நான் சட்டி எடுக்கட்டுமாடா?"

அந்தப் பெயரை அவன் வாயால் கேட்டு எத்தனை காலமாயிற்று என்று மோகனாவுக்கு நினைக்கக்கூட நேரமில்லை, குமிழை இறக்கவேண்டியிருந்தது.

"நீதான்ணே எடுக்கணும்" என்றான் யுவா. அவன் அழுகிறான் என்று தெரிந்தது. "நான் அம்மாவப் பாக்கலியேண்ணே."

காளிதாஸ் மேசையில் இருந்த சின்ன ஸ்பீக்கரைத் தூக்கினான். கம்பி எட்டுமா என்று இழுத்துப் பார்த்தான். கதவைத் திறந்து, உட்கார்ந்திருந்த பெண்களைத் தாண்டி, கம்பியைத் தரையில் விட்டுக்கொண்டே போய் அம்மாவின் தலைமாட்டில், குத்துவிளக்குக்குப் பக்கத்தில் வைத்தான். மாமா தம்புசாமி என்னமோ சொல்ல வாயெடுத்தார். அவன் திரும்பிப் பார்த்த பார்வையில் அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

திரும்பி வந்து மைக்கை எடுத்தான்.

"ஸ்பீக்கர அம்மாகிட்ட வச்சிருக்கேன். நேரம் இருக்கு. என்னா சொல்லணுமோ சொல்லு."

மோகனா குமிழை இறக்கிவிட்டுக் கூடத்துக்கு ஓடினாள். பெண்கள் ஒப்பாரியை நிறுத்திவிட்டு ஸ்பீக்கரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யுவா பொத்தானை அழுத்திப் பிடித்திருந்தான், ஆனால் பேசவில்லை. குடைத்துணி படபடவென்று அடித்துக்கொள்வது கேட்டது. பலகைக்கு அடியில் தண்ணீர் வந்து மோதியது. ஒரு தரம் அவன் மூச்சை இழுப்பது கேட்டது. காற்று மட்டும் நின்றபாடில்லை, அம்மாவின் காதோரம் வீசிக்கொண்டே இருந்தது.

மோகனா குனிந்து, அம்மாவின் சேலைத் தலைப்பை இழுத்துச் சரிசெய்துவிட்டாள்.