சத்தம் வந்த அன்றே

பழுதுபார்க்கும் நிலையத்தில் அவனுக்கு 'ஏன்லேட்டு' என்று பெயர். பெற்றவள் வைத்ததல்ல, அவன் வாயே வாங்கிக் கொடுத்தது. மின்விசிறியோ இஸ்திரிப் பெட்டியோ, யார் எதைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாலும் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து அவன் கேட்கும் முதல் கேள்வி அதுதான்.

"ஏன் இவ்வளவு லேட்டு? சத்தம் வந்த அன்னைக்கே கொண்டு வந்திருக்க வேணாமா?"

வந்தவர்கள் அசடு வழிவார்கள். "தானா சரியாயிடும்னு நெனச்சோம்..."

இதற்காகவே காலையில் எழுந்து குளித்துவிட்டு வந்தவன்போல நிமிர்ந்து உட்காருவான். "தானா சரியாகுறதுக்கு அது என்ன ஜலதோஷமா?" என்று அறை முழுக்கக் கேட்கும்படி சொல்லிவிட்டு, பக்கத்து மேசைக்காரனைப் பார்த்துக் கண்ணடிப்பான்.

வீட்டில் அந்த வாய்க்குப் பூட்டு. கல்யாணமாகி மூன்று வருடமாகிறது. திரைச்சீலைக் கடையில் தையல் வேலை பார்க்கும் அவன் மனைவிக்கு முப்பத்தாறு வயது. ஊரார் வீட்டு ஜன்னல்களுக்கெல்லாம் அளவெடுத்துத் தைத்தவள், தன் வீட்டில் ஒரு தொட்டிலுக்கு இடம் பார்த்து வைத்திருந்தாள். அந்த மூலையில் இப்போது அவன் செருப்புகள் கிடந்தன.

"டாக்டர்கிட்ட போகலாமாங்க?" என்று அவள் கேட்கும்போதெல்லாம் அவன் தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமல் ஒரே பதிலைச் சொன்னான்.

"டென்ஷன் ஆகாத. நீ டென்ஷன் ஆகுறதாலதான் தங்க மாட்டேங்குது. தானா நடக்கும்."

வேறு யாராவது இதைச் சொல்லியிருந்தால் அவனே சிரித்திருப்பான்.

வீட்டில் ஆளாளுக்கு வைத்தியர். நாத்தனார் வேலையை விடச் சொன்னாள். ஓரகத்தி படுக்கையை வேறு பக்கம் திருப்பிப் போடச் சொன்னாள். மாமியார், "எனக்கு இவன் பொறக்கவே ஏழு வருஷம் ஆச்சு, நான் என்ன டாக்டர்கிட்டயா ஓடுனேன்?" என்பாள். மாமியாருக்குக் கல்யாணம் ஆனது பதினெட்டில். இவளும் ஏழு வருடம் பொறுத்தால் நாற்பதைத் தொட்டுவிடுவாள் என்று கூட்டிப் பார்க்க அந்த வீட்டில் ஒருவருக்கும் கணக்கு வரவில்லை.

மாமியாருக்கு இன்னொரு கதையும் உண்டு. விருந்தாளி வந்தால் தண்ணீர் கொடுக்கும் முன்பே அது வந்துவிடும்.

"பதினாறு வயசுல இவனுக்குப் பொன்னுக்கு வீங்கி வந்துச்சு பாருங்க! கன்னம் மட்டுமா? கீழயும் வீங்கி, காலை அகட்டி அகட்டி நடந்தான். ராத்திரி பகல் பாக்காம நான்தான் தேத்தி எடுத்தேன்."

அகட்டி நடந்தும் காட்டுவாள். விருந்தாளிகள் உச்சுக் கொட்டுவார்கள். நாயகன் எழுந்து பால்கனிக்குப் போய்விடுவான்.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒருநாள் அவள் தனியாகவே மருத்துவமனைக்குப் போனாள். நாற்காலிகளில் எல்லாம் பெண்கள். ஆண்களுக்கெல்லாம் வேலை இருந்தது. ஒரு மணி நேரம் அவர்கள் வேலையை விட்டு வந்தால் உலகம் சுற்றுவது நின்றுவிடும் போலிருக்கிறது.

மருத்துவர் அம்மா பொறுமையாகக் கேட்டார்.

"முப்பத்தஞ்சு வயசுக்குள்ளன்னா ஒரு வருஷம் முயற்சி பண்ணிட்டு வரலாம். தாண்டிட்டா ஆறு மாசம், அதுக்கு மேல காத்திருக்கக் கூடாது. மாதவிலக்கு ஒழுங்கா வரலை, முன்னாடி ஏதாவது நோய் வந்திருக்குன்னா அதுகூட வேண்டாம், உடனே வந்துடணும். அவருக்கு எதுவும் வந்ததுண்டா?"

அவள் பொன்னுக்கு வீங்கிக் கதையைச் சொன்னாள், நடந்து காட்டுவதை மட்டும் விட்டுவிட்டு. மருத்துவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"வயசுக்கு வந்தப்புறம் அது கீழ இறங்கினா சில பேருக்கு விந்தணு குறையும். அதனாலதான்னு இப்பவே சொல்ல முடியாதும்மா. ஆனா அவரையும் பாக்கணும். உங்களுக்குச் செய்யுற டெஸ்டையெல்லாம் விட அவருக்குச் செய்யுறது ரொம்பச் சுலபம். வியாழக்கிழமை ரெண்டு பேரும் வாங்க."

வீட்டில் சொன்னதும் மாமியார் கொதித்தாள். "என் புள்ளைக்கு டெஸ்டா? சிங்கம் மாதிரி இருக்கான்!"

சிங்கம் ரிமோட்டை எடுத்து சத்தத்தைக் கூட்டியது.

மறுநாள் அவள் கடைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு நேராகப் பழுதுபார்க்கும் நிலையத்துக்குப் போனாள். டோக்கன் எடுத்துக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். கருகிய கம்பிச்சுருள் வாசனை. அவளுக்கு முன்னால் ஒரு பெரியவர் மேசை விசிறியைக் குழந்தைபோல மடியில் வைத்திருந்தார். அவருக்கும் 'ஏன் லேட்டு' கிடைத்தது, ஜலதோஷம் கிடைத்தது, கண்ணடிப்பும் நடந்தது. பெரியவர் ரசீதுக்காக ஓரமாக ஒதுங்கினார். அவள் எண் சிவப்பாக எரிந்தது.

"என்ன ரிப்பேர்?" அவன் தலையைத் தூக்கவில்லை.

அவள் கண்ணாடி ஓட்டைக்கு நேராகக் குனிந்தாள். "தெரியலைங்க. அதைத்தான் பாக்கச் சொல்றேன்."

அவன் நிமிர்ந்தான். "நீ எங்க இங்க?"

"வயசு முப்பத்தாறு. கல்யாணமாகி மூணு வருஷம். ஏன் லேட்டுன்னு கேளுங்க."

"மெதுவாப் பேசு. வீட்ல பேசிக்கலாம்."

"வீட்ல டிவி சத்தத்துல உங்களுக்குக் காது கேக்கறதில்ல."

ஓரத்தில் நின்ற பெரியவர் ஆவலாக எட்டிப் பார்த்தார். "வீட்டம்மாவா தம்பி? என்ன பழுதாம்?"

"ஒண்ணுமில்லைங்க, நீங்க ரசீதைப் பாருங்க." நெற்றியில் வியர்வை பூத்தது. பக்கத்து மேசைக்காரன் இந்தப் பக்கம் திரும்பியிருந்தான். இப்போது கண்ணடிக்க வேண்டியது அவன் முறை.

"வியாழக்கிழமை காலைல ரெண்டு பேரையும் வரச் சொல்லியிருக்காங்க," என்றாள் அவள், குரல் உயராமல். "நீங்க வரலைன்னா வெள்ளிக்கிழமை இங்க மறுபடியும் டோக்கன் எடுப்பேன். அன்னைக்கு இவ்வளவு மெதுவாப் பேச மாட்டேன்."

வியாழக்கிழமை அவன் வந்தான். சிங்கம் தனியாக வருமா? அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்தது.

மருத்துவர் அவனிடம் பொன்னுக்கு வீங்கியைப் பற்றிக் கேட்டார். அவன் சுவரில் மாட்டியிருந்த படத்தைப் பார்த்து, "சின்ன வயசுல எப்பவோ..." என்று மென்று விழுங்கினான். மாமியாருக்குப் பொறுக்கவில்லை. பதினாறு வயது, கன்னம், கீழே, அகட்டி நடந்தது, ராத்திரி பகல், எல்லாம் ஒரே மூச்சில் வந்தது.

"இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா?"

"எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கேனே!" என்றாள் மாமியார் பெருமையாக.

மருத்துவர் அதைக் குறித்துக்கொண்டார். பிறகு அவன் பக்கம் திரும்பினார். "உங்களுக்கே தெரியும்ல சார்? ஏன் இவ்வளவு லேட்டு?"

அவன் வாயைத் திறந்தான். என்ன வரப்போகிறது என்று அவன் மனைவிக்குத் தெரிந்துவிட்டது.

"தானா சரியாயிடும்னு..."

மருத்துவர் சிரிக்கவில்லை. யாரைப் பார்த்தும் கண்ணடிக்கவும் இல்லை. மூடி போட்ட சின்னக் குப்பி ஒன்றை அவன் கையில் கொடுத்து, நடைக்கோடியில் இருந்த அறையைக் காட்டினார். அவன் அதை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டான், விசிறியோடு வந்த பெரியவரைப் போலவே. நான்கு எட்டு வைத்துவிட்டு மனைவியைத் திரும்பிப் பார்த்தான்.

"நீ?"

"எனக்கு ரத்தம் எடுக்கக் கூப்பிடுறாங்க," என்று அவள் எதிர்ப்பக்கம் நடந்தாள். போகும்போதே சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டாள்.

பின்னால், பக்கத்து நாற்காலிப் பெண்ணிடம் மாமியார் ஆரம்பித்துவிட்டாள். "பதினாறு வயசுல இவனுக்கு..."