தூணுக்கு முன்னால் திரும்பும் தாள்

நோட்டீஸ் பலகையில் நாற்பத்திரண்டு என்ற தன் எண்ணுக்கு நேரே விரலை வைத்து மூன்று தடவை பார்த்துவிட்டாள். வருகை பூஜ்யம். பரீட்சை எழுத அனுமதியில்லை. மூன்று மாதத்தில் ஒரு நாள்கூட அவள் மட்டம் போட்டதில்லை. காய்ச்சல் வந்த இரண்டு நாளும் மாத்திரையை விழுங்கிவிட்டு வந்து உட்கார்ந்தவள். இதென்ன கூத்து!

கூத்து இதுதான். அவள் படித்த பள்ளிக்கூடத்தில் டீச்சர் பேர் சொல்லிக் கூப்பிடுவார், எழுந்து நின்றால் போதும். இந்தக் கல்லூரியில் ஒரு தாள் பெஞ்சு பெஞ்சாகப் போகும், அவரவர் பேருக்கு நேரே கையெழுத்துப் போட வேண்டும். இரண்டு வாரம் தாமதமாகச் சேர்ந்தவளுக்கு அதை யாரும் சொல்லவில்லை. தாள் தூணுக்கு முந்தின பெஞ்சோடு திரும்பிவிடும். தூணுக்குப் பின்னால், சன்னலோரம், இவள் ஒருத்திதான். சுற்றுலாவுக்குப் பேர் கொடுத்தவர்களின் தாளாக்கும் என்று நினைத்துக்கொண்டாள். கேட்டிருக்கலாம்தான். ஆனால் வந்த புதிதில் ஒரு சந்தேகம் கேட்கப்போய், அவள் பேசுகிற தினுசுக்கு வகுப்பே திரும்பிப் பார்த்துச் சிரித்தது. அன்றைக்கு மூடிய வாய்.

ஆபீஸ் கிளார்க் கெட்ட மனுஷர் இல்லை. அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"நீ வந்தேன்னு உன் கிளாஸ்ல ரெண்டு பேர் எழுதிக் குடுக்கட்டும். நாலு மணிக்குள்ள குடுத்தா நான் சேத்துடறேன். ரெண்டே பேர் போதும்."

ரெண்டே பேர்! அறுபது பேரில் யார் பேனாவைக் கடிப்பார்கள், யார் உட்கார்ந்தபடியே தூங்குவார்கள், யாருடைய பின்னலில் கிளிப் நழுவும் என்று அவளுக்கு அத்துப்படி. எல்லாம் பின்னாலிருந்து பார்த்தது. அவள் முகத்தைப் பார்த்தவர்கள் யார்? குழாயடியில் நின்ற கிளிப்காரியிடம் வெட்கத்தை விட்டுப் போய்க் கேட்டாள். அந்தப் பெண் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பாவம், நிஜமாகவே யோசித்தாள்.

"தப்பா நெனைக்காத. உன்னப் பாத்த ஞாபகமே இல்ல. எப்படி எழுதித் தர்றது?"

அதில் தப்பு சொல்ல ஒன்றுமில்லை. இன்னொருவரிடம் போய் நிற்க அவளுக்குத் தெம்பும் இல்லை. நாலு மணி அடித்தது.

சாயங்காலம் அம்மாவின் போன். பின்னால் தையல் மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. அம்மா மிதிப்பதை நிறுத்திவிட்டு, தினமும் கேட்பதையே கேட்டாள்.

"கிளாசுக்கு ஒழுங்கா போறியாடி?"

"ஒரு நாள்கூட விடலம்மா."

"அது போதும்டி எனக்கு."

மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியது. போனை வைத்துவிட்டுத் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள்.

மறுநாள் காலையில் எல்லோருக்கும் முன்னால் போய் முதல் பெஞ்சில் உட்கார்ந்தாள். தாள் முதலில் அவள் கைக்குத்தான் வந்தது. புதிதாக அச்சடித்த தாள். நாற்பத்தொன்றுக்கு அடுத்து நாற்பத்து மூன்று இருந்தது. மேலிருந்து கீழ்வரை ஒருமுறை படித்தாள்.

"புதுசா சேந்திருக்கியா?" என்றாள் பக்கத்தில் இருந்தவள், சிநேகமாக.

ஆமாம் என்று தலையாட்டிவிட்டுத் தாளை அவள் பக்கம் நகர்த்தினாள். அது பெஞ்சு பெஞ்சாகப் பின்னால் போய், தூணுக்கு முன்னால் திரும்பியது.