அழுகை ஓயும் வரை

"அழச் சொல்லு," என்றார் தூசான். வெள்ளைக்காரர்களின் ரூவான் துறைமுகத்துக்குப் பின்னால், செப்புத் தகட்டில் படம் செதுக்கி அச்சடிக்கும் பட்டறை அவருடையது.

நான் அதை எங்கள் மொழியில் இனஜா அண்ணியிடம் சொன்னேன்.

"யாருக்குடி அழுறது? வந்தவங்களுக்குத்தான அழணும். இங்க யாரு வந்திருக்கா?"

எங்கள் கரையில் விருந்தாளி வந்தால் வலைத்தூளியில் உட்காரவைத்து, பெண்கள் சுற்றிலும் குந்தி, முகத்தைப் பொத்திக்கொண்டு அழுவோம். வழியில் என்ன பாடு பட்டாயோ என்று சொல்லிச் சொல்லி அழுவோம். அது ஓய்ந்த பிறகுதான் வந்தவர் வாய் திறக்கலாம். அந்தக் காட்சிக்காகத் தூசான் பட்டறைக்குள்ளேயே ஒரு தூளி கட்டியிருந்தார். சாயத்துக்கான சிவப்புமரம் ஏற்றிய கப்பலில் எங்களைக் கூட்டி வந்தவர்கள் அடுத்த கப்பலில் அனுப்பிவிடுவதாகச் சொல்லியிருந்தார்கள். அனுப்பவில்லை. படத்துக்கு உட்கார்ந்தால் ரொட்டி கிடைத்தது.

அண்ணி அச்சான தாள் ஒன்றை எடுத்துப் பார்த்தாள். "மூஞ்சி என்னோடது. தொடை யாரோடதுடி? அவரு பொண்டாட்டியோடதா?"

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. எங்கள் ஊரில் இருமல் நோய் விழுந்து வீடுகளெல்லாம் காலி என்று புதிதாக வந்த கப்பல்காரர்கள் பேசிக்கொண்டதைக் காலையில் நான்தான் அவளிடம் சொல்லியிருந்தேன். அங்கேதான் அவள் மகன் தேஜு இருந்தான். நாங்கள் கிளம்பும்போது சுவரைப் பிடித்து நடக்கத் தொடங்கியிருந்தான்.

கதவு திறந்தது. அந்தப் புதுக் கப்பலின் மாலுமி ஒருவன், அதில் வந்த ஓர் ஆளை உள்ளே விட்டுப் போனான். குவாரா. ஊரில் எங்களோடு ஒரே கூரையின்கீழ் படுத்து எழுந்தவன். எலும்பாய் இருந்தான்.

"அக்கா..." என்று தொடங்கினான்.

"உக்காரு. மொதல்ல உக்காரு தம்பி."

தூளியில் உட்கார்ந்தான். அண்ணி குந்தி முகத்தைப் பொத்திக்கொண்டாள். "வந்துட்டியா தம்பி, அம்புட்டுத் தண்ணியையும் தாண்டி வந்துட்டியா..." நானும் பக்கத்தில் குந்தினேன். தூசான் அவசரமாகத் தாளை இழுத்துக்கொண்டார்.

ஊரில் இவ்வளவு நேரம் அழ மாட்டோம். அவள் குரல் கம்மியது. மூச்சு வாங்க நின்றாள். குவாரா பேச வாயெடுத்தான். உடனே மறுபடி ஆரம்பித்தாள். "கடல்ல பசிச்சிச்சா தம்பி, காத்து அடிச்சிச்சா..."

"அண்ணி, போதும். தேஜுவப் பத்திக் கேட்டுருங்க."

"நீ அழு," என்றாள், கைக்குள்ளிருந்தே. "நிறுத்தினா அவன் சொல்லிருவான்."

"என்ன சொல்றா?" என்றார் தூசான்.

"சுகமா வந்தியான்னு கேக்குறா."

குவாரா தூளியிலிருந்து இறங்கினான். விருந்தாளி அப்படி இறங்குவதில்லை. அண்ணிக்குப் பக்கத்தில், பெண்களைப் போலவே குந்தி, இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டான். அண்ணி அவன் பக்கம் திரும்பவே இல்லை. இன்னும் உரக்க அழுதாள்.

"அவனை மேல உக்காரச் சொல்லு," என்றார் தூசான்.

நான் சொல்லவில்லை. தூசான் காத்துப் பார்த்தார். பிறகு ஆடிக்கொண்டிருந்த வெறும் தூளியில், தோள் அகன்ற ஒருவனைத் தன் மனதிலிருந்தே வரையத் தொடங்கினார்.