கலைந்த உறக்கம்

லட்சத்தீவிலிருந்து திரும்பி ஒரு வாரம்கூட ஆகவில்லை. அதற்குள் ரங்கராஜன் டால்பின் குட்டியைத் தொடும் வீடியோ புனேயில் அவருடைய ஹிஞ்சேவாடி அலுவலகம் முழுக்கப் பரவிவிட்டது. குடியிருப்பின் லிஃப்டில் எதிர்ப்படுகிறவர்கள் அவர் மனைவி சியாமளாவிடம், “நீங்களா எடுத்தீங்க? பிரமாதம்” என்றார்கள். அவள் சிரித்துவைப்பாள். வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தியதும் முகம் காந்தும்.

புனேயின் ஒரு கடலாய்வு மையம் ஆர்வமுள்ளவர்களைச் சேர்த்துக்கொண்டு போகும் பயணம் அது. ஆய்வுக்கும் கைகொடுக்கலாம், கடலையும் பார்க்கலாம். கூட்டிப்போனவள் அனீசா, அந்த மையத்தின் இளம் ஆய்வாளர். புனேயிலேயே கட்கியில் பிறந்து வளர்ந்த தமிழ்ப்பெண். மேடம் என்று ஆரம்பித்தவள், இவர்கள் பேசும் தமிழைக் கேட்டதும் அக்கா என்று ஒட்டிக்கொண்டாள்.

“டால்பின்லாம் ராத்திரி பூரா வெளிக்கடல்ல வேட்டையாடிட்டு, பகல்ல இங்க தூங்க வருதுங்க” என்று படகிலேயே சொல்லியிருந்தாள். “தூங்கும்போதும் மெதுவா நீந்திட்டேதான் இருக்கும். நாம மேலயே மிதந்து பாக்கணும். கீழ முங்கவும் கூடாது, கிட்ட போகவும் கூடாது.”

முகத்தைத் தண்ணீருக்குள் வைத்த கணம் சியாமளாவுக்கு மூச்சு நின்றுபோயிற்று. வெள்ளை மணலுக்கு மேலே இருபது முப்பது டால்பின்கள், ஒன்றோடொன்று உரசுகிற நெருக்கத்தில், சத்தமே இல்லாமல் போய்க்கொண்டிருந்தன. ஒரு தாயின் வயிற்றோரமாக ஒரு குட்டி. தாய் மேலே வந்து மூச்சுவிட்டால் அதுவும் வந்தது. தாய் இறங்கினால் அதுவும் இறங்கியது.

சட்டென்று ரங்கராஜன் கீழே பாய்ந்தார். கொஞ்ச தூரத்தில் அனீசா இரண்டு கைகளையும் குறுக்கே வைத்து, வேண்டாம் வேண்டாமென்று ஆட்டினாள். சியாமளாவின் கேமராவுக்குள் அந்தக் கைகள் விழுந்தன. அவள் கேமராவைக் கணவர் பக்கம் திருப்பிக்கொண்டாள். படம் நன்றாக வரவேண்டும், அவ்வளவுதான் அப்போது நினைத்தது.

ரங்கராஜனின் விரல் குட்டியின் முதுகில் பட்டது. தாய் உடம்பைத் திருகிக்கொண்டு நடுவில் புகுந்தது. கூட்டம் மொத்தமும் விழித்துக்கொண்டது. கீச்சுக் கீச்சென்று காதைத் துளைக்கும் ஒலி, வால்களின் அடி, கலங்கிய மணல். மணல் அடங்கியபோது அங்கே எதுவுமே இல்லை. அதன்பிறகு அவர்கள் இருந்தவரை அந்த இடத்துக்கு டால்பின்கள் வரவில்லை.

படகில் ஏறியதும் அனீசா ரங்கராஜனைப் பார்க்காமல் இவளைக் கேட்டாள். “கேமரா ஓடிட்டிருந்துச்சா அக்கா?”

“இல்லையே” என்றாள் சியாமளா.

புனே வந்ததும் அனீசாவின் கைகள் தெரிந்த துண்டை வெட்டி எடுத்துவிட்டு, மீதியைக் கணவரிடம் கொடுத்தவளும் சியாமளாதான். அவர் அதை இணையத்தில் போட்டு, இவ்வளவு பக்கத்தில் அழைத்துப்போன அனீசாவுக்கு நன்றி என்று வேறு எழுதினார். அந்த நன்றிதான் வினையாயிற்று. விதியை மீறிப் பயணிகளைக் கிட்டே கூட்டிப்போனதாகச் சொல்லி மையம் அனீசாவை வேலையிலிருந்து நிறுத்திவைத்தது. பயணக் குழுவின் வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. ரங்கராஜன் படித்துவிட்டு, “நாம என்ன பண்றது, அது அவங்க ஆபீஸ் விஷயம்” என்று போனைக் கவிழ்த்துவைத்தார்.

சியாமளா மறுநாள் தனியாகக் கட்கிக்குப் போனாள்.

கதவைத் திறந்தது அனீசாவின் தாய் சைனபு. மகளோடு கடலுக்குப் போனவர் என்றதும் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய் உட்காரவைத்தார்.

“அவ இப்ப வந்துருவா. நீங்க மொதல்ல சாய் குடிங்கம்மா.” நான்கட்டாய் பிஸ்கட்டுகளைத் தட்டில் வைத்துக்கொண்டே பேசினார். “வந்ததுலேர்ந்து சரியா சாப்பிட மாட்டேங்கா. எவனோ செஞ்ச வேலைக்கு எம்புள்ள தலை குனிஞ்சு நிக்கா. நீங்க கூட இருந்தவங்கதானே, யாரும்மா அது?”

சியாமளா தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள்.

“என் வீட்டுக்காரர்தாம்மா. படம் எடுத்தது நான்.”

சைனபு அவளையே பார்த்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்து அடுக்களைக்குள் போய்விட்டார். அவர் வைத்த தட்டு இவள் முன்னாலேயே இருந்தது.

சற்று நேரத்தில் அனீசா வந்தாள். வாசலிலேயே நின்றாள்.

“சொல்லுங்க மேடம்.”

அந்த மேடம் சுருக்கென்று தைத்தது. சியாமளா எழுந்து நின்றே சொன்னாள். கேமரா ஓடியதைச் சொன்னாள், கைகளை வெட்டி எடுத்ததையும் சொன்னாள்.

“நான் உங்ககிட்டதான் கேட்டேன்” என்றாள் அனீசா. “நீங்க நெசத்தச் சொல்லுவீங்கன்னு நெனச்சுத்தான் கேட்டேன்.” குரல் உயரவே இல்லை. “என்ன விடுங்க. அந்தக் குட்டி பொறந்து கொஞ்ச நாள்தான் இருக்கும். அதுங்க தூங்கறதுக்கு அந்த மாதிரி எடம் அங்க நெறைய கெடையாது. இப்ப எங்க அலையுதுங்களோ.”

மன்னிச்சிடு என்று சொல்ல வாயெடுத்தவள் சொல்லவில்லை. அதைச் சொன்னால், பரவாயில்லை என்று சொல்லவேண்டிய பாரத்தையும் இந்தப் பெண்ணின் தலையில் ஏற்றியதாகிவிடும்.

“உங்க இயக்குநர் நம்பரக் குடு.”

அங்கிருந்தே பேசினாள். தன் பெயரைச் சொல்லி, கணவர் பெயரைச் சொல்லி, நடந்ததை மறைக்காமல் சொன்னாள். மறுமுனையில் அந்த மனிதர், “அன்னைக்கு ஏன் பொய் சொன்னீங்க?” என்று ஆங்கிலத்தில் கேட்டார். போனில் அப்படியே இருந்த வெட்டாத வீடியோ முழுவதையும் அவருக்கு அனுப்பிவைத்தாள்.

வெளியே வரும்போது சைனபு அடுக்களை வாசலில் நின்று, “பாத்துப் போங்க” என்றார். விருந்தாளிக்குச் சொல்லும் வழக்கமான வார்த்தைதான். முகத்தைப் பார்க்காமல் சொன்னார். வண்டியில் ஏறியபிறகுதான் சியாமளாவுக்கு அழுகை வந்தது.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னாள். “ஆபீஸ்ல நான் எப்படித் தல காட்டறது? என்னை மாட்டிவிட்டுட்டு வந்திருக்க” என்றார் ரங்கராஜன்.

“நம்மள” என்றாள் அவள்.

அவர் வீடியோவை நீக்கினார். பல நாள் பேசவில்லை.

மையம் அனீசாவைத் திரும்ப எடுத்துக்கொண்டது. ஆனால் அந்தத் தீவுக்கு இனி யாரையும் அழைத்துப்போவதில்லை என்றும் முடிவெடுத்தது. குழுவில் எல்லோரும் அனீசாவுக்கு வாழ்த்து எழுதினார்கள். சியாமளாவும் எழுத நினைத்தாள். என்ன எழுதினாலும் அதில் தன்னை நல்லவளாகக் காட்டிக்கொள்வது போலவே இருந்தது. எழுதாமலே விட்டாள்.