தெளிந்த ஓடை

சாய ஆலையிலிருந்து ஓடைக்கு வரும் தண்ணீர் ஒரே வாரத்தில் தெளிந்துவிட்டது. அதுவரை கருநீலமாக நுரைத்துக்கொண்டு ஓடிய சனியன்! பேரீச்சங்கொட்டையைச் சுட்டுக் கரியாக்கி, பெரிய தொட்டிகளில் நிரப்பி, கழிவுநீரை அதன் வழியே விட்டிருந்தாள் ஸுந்துஸ். தலைநகர் துனிஸில் படித்துவிட்டு அந்த ஆலைக்கே வேலைக்கு வந்த ஊர்ப்பெண். சாயமெல்லாம் கரியில் ஒட்டிக்கொண்டது. கண்ணாடிக் குவளையில் அந்தத் தண்ணீரை அள்ளி ஊரார் முன்னால் அவள் தூக்கிக் காட்டியபோது, முதலில் கை தட்டியவர் முன்ஜி.

தட்டாமல் என்ன செய்வார்? மழை பொய்த்துக் கிணறு வற்றிக் கிடந்தது. அவருக்கென்று இருந்தது ஒரு துண்டு மிளகாய்த் தோட்டம்தான். ஹரிஸா என்கிற காரவிழுது அரைக்க அந்த மிளகாய்க்கு அடிதடியே நடக்கும். அது காய்ந்தால் நிலத்தை விற்க வேண்டியதுதான். அன்று மாலையே ஓடையில் மோட்டாரை இறக்கினார்.

"அந்தப் பொண்ணை ஒரு வார்த்தை கேட்டுட்டுப் பாய்ச்சக் கூடாதா?" என்றாள் மனைவி ஸல்ஹா.

"உனக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு? பளிங்கு மாதிரி இருக்கு! இதுல என்னத்தைக் கேக்கறது?"

முதலில் செடிகள் தழைத்தன. முன்ஜிக்குத் தலைகால் புரியவில்லை. காப்பிக்கடையில் ஒருவரையும் சீண்டாமல் விடவில்லை. பிறகு இலைகளின் ஓரம் கருகியது. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து, பாவி மனுஷன், இன்னும் பாய்ச்சினார். பூவெல்லாம் உதிர்ந்தது. பாத்தி மண் முழுக்க வெள்ளை பூத்தது.

சொல்லியனுப்பியதும் ஸுந்துஸ் ஓடிவந்தாள். மண்ணைக் கிள்ளி நாக்கில் வைத்தவள் உடனே துப்பினாள்.

"உப்பு, மாமா. துணியில சாயம் பிடிக்கறதுக்கு மூட்டை மூட்டையா உப்பைக் கொட்டுவாங்க. கரி சாயத்தைத்தான் பிடிக்கும், உப்பை விட்டுடும்."

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே, மவளே?"

"நீங்க இதைப் பாய்ச்சுவீங்கன்னு எனக்குத் தோணவே இல்லையே மாமா." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"மண்ணு தேறுமா?"

"நல்ல மழையா விடாம பெஞ்சு கழுவினா..."

முன்ஜி அவளை நாலு வார்த்தை திட்டத்தான் நினைத்தார். அழுதுகொண்டு நிற்கிற பெண்ணை எப்படித் திட்டுவது? பட்டுப்போன செடி ஒன்றைப் பிடுங்கி வரப்பில் எறிந்தார்.

"நீலமா ஓடினவரைக்கும் ஆடுகூட அந்தத் தண்ணிகிட்டப் போகாதும்மா," என்றார்.