அன்பு ஷைனியாக, ஷைனி அன்பாக

பெரியபாளையத்தில் கிளம்பி கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் போகும் கம்பெனி பஸ்ஸில் அந்த வாரம் முழுக்க ஒரே பேச்சு, அந்தப் படத்தைப் பற்றித்தான். காதலித்துக் கல்யாணம் வரைக்கும் வந்த இருவர் நிச்சயதார்த்தத்தன்று சண்டை போட்டுப் பிரிகிறார்கள். மறுநாள் காலையில் கண் விழித்தால் அவன் உடம்பில் அவள், அவள் உடம்பில் அவன். படம் எல்லோருக்கும் பிடித்திருந்தது. யார் நன்றாக நடித்தது என்பதில்தான் பஸ் இரண்டாகப் பிளந்தது.

ஹீரோ கட்சிக்கு அன்பு தலைவன். கவரைப்பேட்டைக்காரன், இரும்புத் தகட்டை அடித்து வடிவமாக்கும் பிரஸ் மெஷின் ஓட்டுபவன். அவன் கடைசி சீட்டில் பேசினால் டிரைவர் அருணாச்சலத்துக்குக் கேட்கும். ஹீரோயின் கட்சிக்கு ஷைனி. ஆரணியில் ஏறுபவள். பிரஸ்ஸிலிருந்து வரும் பாகங்களை விளக்கடியில் பிடித்துப் பார்த்து, கீறல் விழுந்ததை ஒதுக்குவது அவள் வேலை. படத்தையும் அப்படித்தான் பார்ப்பாள்.

"இன்னா நடிப்பு தெரியுமா அது! நகத்தக் கடிச்சிக்கினு, இடுப்ப ஆட்டிக்கினு, அப்டியே பொம்பள மாதிரியே நடந்தான்" என்றான் அன்பு.

"எந்தப் பொம்பள அப்டி இடுப்ப ஆட்டிக்கினு நடக்கறா? இந்த பஸ்ல ஒருத்தியக் காட்டு, பாக்கலாம்."

பெண்கள் பக்கம் விசில் பறந்தது. அன்பு விடவில்லை.

"உங்காளு மட்டும் இன்னா கிழிச்சா? சட்டய மாட்டிக்கினு சும்மா நின்னுக்கினு இருந்தா. உள்ள ஆம்பள பூந்துகிறான்னே தெரில."

"அதான்யா நடிப்பு. அவ குரலக் கவனிச்சியா நீ?"

"குரலா? குரல்ல இன்னா?"

"அதக்கூட கவனிக்காதவன்கிட்ட நா இன்னாத்தப் பேசறது" என்று ஷைனி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பேக்கிங்கில் இருக்கும் ரோசம்மாள் அதுவரை பேசாமல் பூக்கட்டிக்கொண்டு வந்தாள். முதல் வாரத்திலேயே தியேட்டரில் பார்க்காத படம் படமே இல்லை என்பவள். சினிமா விஷயத்தில் அவள் சொல்வதை அந்த பஸ் கேட்கும்.

"ரெண்டு பேரும் காலங்காத்தால கூவாதீங்க. ஆயுத பூஜைக்கு ஸ்டேஜ் போடுவாங்க இல்ல? அன்பு, நீ ஷைனியா நடி. அவ நீயா நடிக்கட்டும். எது கஷ்டம்னு அப்பத் தெரிஞ்சிடும்."

இருவரும் மறுப்பதற்குள் அருணாச்சலம் ஹாரனை நீளமாக அடித்தார். முடிவாகிவிட்டது.

அன்புக்கு அது பெரிய வேலையாகத் தோன்றவில்லை. தங்கை பிரின்சியிடம் ஒரு சுடிதாரும் துப்பட்டாவும் கேட்டு வாங்கி வைத்தான். கண்ணாடி முன் கீச்சுக் குரலில் பேசிப் பார்த்தான். பிரின்சி விழுந்து விழுந்து சிரித்தாள். "சூப்பரா கீது. ஆனா அது ஷைனி அக்கா இல்ல. யாரோ லூசு" என்றாள்.

அதற்குப் பிறகுதான் அவன் ஷைனியைப் பார்க்க ஆரம்பித்தான். மெஷினில் அச்சு மாற்றும் நேரத்தில் எதிரே அவள் மேஜை தெரியும். அவள் ஒரு பாகத்தை எடுத்து, திருப்பி, வெளிச்சத்தில் சாய்த்து, வைப்பாள். நடுவில் ஒரு கை தானாகப் பிடரிக்குப் போய் அழுத்திவிட்டுத் திரும்பும். சூப்பர்வைசர் பாக்கியராஜ் அந்தப் பக்கம் வரும்போதெல்லாம், "இன்னாம்மா, மூஞ்ச இப்டி வெச்சிக்கினா வேல எப்டி ஓடும்? கொஞ்சம் சிரி" என்பார். ஷைனி சிரிப்பாள். அவர் நாலடி போனதும் அந்தச் சிரிப்பு அணைந்துவிடும். ஒரே காலையில் இது மூன்று முறை நடந்ததைப் பார்த்தபோது அன்புக்கே எரிச்சலாக வந்தது. சாயங்காலம் சுடிதாரைத் தங்கையிடம் திருப்பிக் கொடுத்துவிட்டான்.

ஷைனியும் சும்மா இல்லை. அன்புவைப்போலக் காலரைத் தூக்கி விடுவது, தொடையைத் தட்டிச் சிரிப்பது எல்லாம் அவளுக்கு ஒரே நாளில் வந்துவிட்டது. பிறகுதான் வேறொன்று கண்ணில் பட்டது. அவன் எப்போதும் பஸ்ஸில் இடது ஓர ஜன்னலில்தான் உட்காருவான். ஆட்கள் எல்லாம் அவனுக்கு வலப்பக்கம் இருப்பார்கள். இடப்பக்கமிருந்து கூப்பிட்டால் திரும்ப மாட்டான். யாராவது மெதுவாக ஜோக் சொன்னால் மற்றவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பான். எல்லோரையும்விட உரக்கச் சிரிப்பான்.

ஆயுத பூஜையன்று மெஷின்களுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, பொரி கடலை கொடுத்து முடித்ததும் கேன்டீனில் மேடை தயாரானது. முதலில் அன்பு. பேன்ட் சட்டையோடுதான் ஏறினான். மேஜை முன் உட்கார்ந்து, இல்லாத ஒரு பாகத்தை எடுத்து விளக்கடியில் சாய்த்துப் பார்த்தான். பிடரியை அழுத்திக்கொண்டான். நிமிர்ந்தான், சிரித்தான். சிரிப்பு அணைந்தது. மறுபடி குனிந்தான். மறுபடி நிமிர்ந்து சிரித்தான்.

கூட்டம் முதலில் புரியாமல் பார்த்தது. பிறகு பெண்கள் வரிசையில் யாரோ "ஆமாப்பா!" என்று கத்த, கைதட்டல் கேன்டீன் தகரத்தை அதிர வைத்தது. முன் வரிசையிலிருந்த பாக்கியராஜ் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த நாளிலிருந்து அவர் யாரையும் சிரிக்கச் சொல்லவில்லை.

அடுத்து ஷைனி. காலரைத் தூக்கியதுமே கூட்டம் குலுங்கியது. "இன்னாத்த நடிச்சா உங்காளு!" என்று அவள் கத்தியதில் அருணாச்சலம் பொரியைக் கொட்டிவிட்டார். பிறகு இடப்பக்கமிருந்து யாரோ கூப்பிடுவதுபோலக் காட்டி, திரும்பாமல் நின்றாள். வலது காதைக் கொஞ்சம் முன்னால் நீட்டினாள். சுற்றிலும் முகங்களைப் பார்த்தாள். பிறகு எல்லோரையும்விட உரக்கச் சிரித்தாள்.

அன்புவைத் தவிர எல்லோரும் சிரித்தார்கள்.

மேடைக்குப் பின்னால் அவளை மடக்கினான். "யாரு சொன்னா ஒனக்கு?"

"யாரும் சொல்லல. பாத்தேன்." ஷைனியின் குரல் இறங்கியிருந்தது. "விளையாட்டாதான் செஞ்சேன் அன்பு. செய்யும்போதுதான் வெளங்கிச்சி. எத்தினி நாளா இப்டி?"

"ஆறேழு மாசமா. வெளிய தெரிஞ்சா பிரஸ்லேர்ந்து தூக்கிடுவாங்க."

"அதுக்குன்னு முழுச் செவிடா ஆவப்போறியா?"

பின்னால் வந்து நின்ற ரோசம்மாள் எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். அவளிடமிருந்து தப்பிக்க முடியுமா? அடுத்த வாரமே அவனை இ.எஸ்.ஐ. டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, சொட்டு மருந்து கொடுத்து இரண்டு நாள் கழித்து வரச் சொன்னார். இரண்டாம் முறை பீச்சாங்குழலில் தண்ணீர் அடித்தபோது, இடது காதிலிருந்து புளியங்கொட்டை அளவுக்குக் குரும்பி வந்து விழுந்தது. சத்தத்தால் கொஞ்சம் கெட்டுத்தான் இருக்கிறது, இனிமேல் காதடைப்பான் இல்லாமல் மெஷின் பக்கம் போகாதே என்று கண்டித்து அனுப்பினார். வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை.

மறுநாள் காலை பஸ்ஸில் ஏறியவன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டான்.

"இன்னாண்ணா இது, பாட்ட இவ்ளோ சவுண்டா வெச்சிக்கினு!"

"நீ கேட்டுதானேடா தெனம் ஏத்தி வெச்சேன்!" என்றார் அருணாச்சலம்.

படத்தைத் தியேட்டரிலிருந்து எடுக்கப்போகும் வாரம், ரோசம்மாளைத் துணைக்கு வைத்துக்கொண்டு இருவரும் மறுபடி மேட்னி போனார்கள். இடைவேளையில் அன்பு பாப்கார்னைக்கூடத் தொடவில்லை.

"குரல எப்டி மாத்திக்கிறா பாரேன்" என்றான் கிசுகிசுப்பாக. அவன் கிசுகிசுத்து ஷைனி அன்றுதான் முதல்முறையாகக் கேட்டாள். "பயந்தவன் தைரியமாப் பேசறாப்புல, உள்ளுக்குள்ள ஒரு நடுக்கம். எனக்கு இதெல்லாம் கேக்கவே இல்ல ஷைனி. இவதான் நடிகை."

"அது சரி, ஹீரோவ ஒழுங்காப் பாத்தியா?" என்றாள் ஷைனி. "இடுப்ப ஆட்றத உடு. அந்த ஆஸ்பத்திரி சீன்ல கைய எங்க வெக்கறதுன்னு தெரியாம நிக்கறான் பாரு. ஸ்டேஜ்ல நானும் அப்டிதான் நின்னேன். அவன்தான் கலக்கிட்டான்."

"இன்னா வெளயாட்றியா? ஒரு மாசம் முன்னாடி நீதானே..."

"நீயுந்தான்!"

ரோசம்மாள் தலையில் அடித்துக்கொண்டு பாப்கார்னைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை சாயங்காலம் பஸ் சிப்காட்டை விட்டுக் கிளம்பியதும் சண்டை தொடர்ந்தது. இந்த முறை இருவரும் ஒரே சீட்டில் உட்கார்ந்து, பக்கத்து சீட்டுக்குக் கேட்காத குரலில் சண்டை போட்டார்கள். கவரைப்பேட்டை வந்தது. அருணாச்சலம் பிரேக் போட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"அன்பு, உன் ஸ்டாப்பிங்."

அன்புவின் காதில் அது நன்றாகவே விழுந்தது.

"நீ போண்ணா" என்றான். "ஆரணில இவகூட எறங்கிக்கிறேன். பேச்சு முடில."