ஒரு வாரம் விட்டு ஒரு வாரம்

மணி பத்து ஆகவில்லை, அதற்குள் ஒன்பதாவது குழந்தை. மருந்தை ஆவியாக்கிக் கொடுக்கும் கருவி அந்த மருத்துவமனையில் இரண்டுதான். அதிலும் ஒன்று காலையிலிருந்து முனகிக்கொண்டிருந்தது. நர்ஸ் ஒரு மாஸ்க்கைக் கழுவி உதறுவதற்குள் அடுத்த தாய் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். விலா உள்வாங்கி உள்வாங்கி இழுக்கும் அந்த மூச்சைப் பார்த்துக்கொண்டே நர்ஸ் மாஸ்க்கைப் பொருத்துவாள்.

"போன மாசத்துக் கணக்கு நூத்திப் பன்னெண்டு பேரு, சிஸ்டர். போன வருஷம் அதே மாசம் நாப்பத்தொண்ணுதான்," என்றார் டாக்டர். "சுகாதார அலுவலகத்துக்கு எழுதப்போறேன். வாரக் கணக்கா பிரிச்சுக் குடுங்க, நாளைக்குள்ள."

கூட்டம் கலைந்த பிறகு பதிவேட்டை விரித்து உட்கார்ந்தாள். முதல் வாரம் நாற்பத்தைந்து. அடுத்தது பத்து. பிறகு நாற்பத்தேழு. மறுபடி பத்து. முந்தைய மாதங்களைப் புரட்டினாள். அங்கேயும் ஒரு வாரம் ஏற்றம், ஒரு வாரம் இறக்கம். பேனா நின்றுவிட்டது. நாட்காட்டியைப் பார்க்கத் தேவையிருக்கவில்லை. எந்தெந்த வாரம் நாலரை மணிக்கு எழுந்து கணவனுக்குச் சாப்பாடு கட்டினாள் என்பது அவள் உடம்புக்கே தெரியும்.

அவன் ஊரோரத்தில் புகை கக்கும் ஆலையில் பாய்லர் ஆப்பரேட்டர். ஒரு வாரம் காலை ஷிப்ட், ஒரு வாரம் மாலை.

அவள் வீடு திரும்பியபோது அவன் முகம் கழுவிக்கொண்டிருந்தான். "என்ன சிஸ்டர், முகம் வாடிப்போச்சு?" என்றான். 'ஊருக்கெல்லாம் சிஸ்டர், உங்களுக்குமா?' என்று எப்போதும் சிரித்துக்கொண்டே சண்டைக்கு வருபவள் அன்று வரவில்லை.

"ஏங்க, நீங்க காலைல போற வாரத்துல மட்டும் ஏன் புள்ளைங்களுக்கு மூச்சு இழுக்குது?"

"புகைக்கு ஷிப்டு தெரியுமா?" என்று சிரித்தான். அவள் வாரக் கணக்கை எழுதிவந்த தாளை நீட்டினாள். அவனுடைய ஈர விரல் எண்கள்மேல் மெல்ல ஊர்ந்து, நாற்பத்தேழில் நின்றது.

துண்டை எடுத்துக் கையைத் துடைத்தான். "காலைல ஃபில்டர் அடைச்சுக்கும். சுத்தம் பண்ண ரெண்டு மணி நேரம் ஆலை நிக்கணும். மேனேஜரு, ஃபில்டருக்குப் பக்கத்துல இருக்கற கதவைத் திறந்துவிடுன்னாரு. திறந்தா புகை வடிகட்டாமயே வெளிய போயிரும்."

"மத்த வாரம் காலைல வர்ற இன்னொருத்தரு இருக்காரே?"

"அந்த அண்ணன் முடியாதுன்னுட்டாரு. அவரு ரிட்டயர்டு ஆகப்போறவரு, துணிஞ்சு சொல்லிட்டாரு. நான் சொல்ல முடியுமா?" குரல் தாழ்ந்தது. "இதை அனுப்பினா, கதவைத் திறந்த கை யாருதுன்னுதான் கேப்பாங்க."

"தெரிஞ்சேதான் செஞ்சீங்களா?"

அவன் அவளைப் பார்க்கவில்லை. "நீ வந்து, இன்னைக்கும் கூட்டம்னு சொல்லுவ. கேட்டுக்கிட்டேதான் சாப்பிட்டேன்."

அவளுக்கு வாய்விட்டுக் கத்த வேண்டும்போல இருந்தது. தாளை மடித்துப் பையில் வைத்தாள். "நாளைக்குக் குடுத்துருவேன்," என்றாள். தன் குரலே தனக்கு அந்நியமாகக் கேட்டது. விடியற்காலையில் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு, போய் வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் அவன் கிளம்பிப் போனான்.

ஒன்பது மணிக்குத் தாளை டாக்டரிடம் கொடுத்துவிட்டாள். அன்று ஆவி பிடிக்க வந்தவர்கள் மூன்று பேர்தான். ஜன்னல் வழியே ஆலையின் புகைபோக்கி தெரிந்தது; வெளிறிய நூல்போல ஒரு கோடு, அவ்வளவுதான். அவள் அதையே திரும்பத் திரும்பப் பார்த்தாள். நம்பப் பயமாக இருந்தது.

பதினொரு மணிக்கு அவன் மருத்துவமனை வாசலில் நின்றான். யூனிஃபார்மைக்கூட மாற்றவில்லை.

"திறக்கல," என்றான். "மேனேஜரு வெளிய போன்னுட்டாரு."

வரிசையில் நின்றவர்கள் எதிரில் அவன் கையைப் பிடிக்க முடியவில்லை. "சாப்பிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டாள். அவன் பதில் சொல்ல வாயெடுத்தபோதுதான் அவன் தோளுக்குப் பின்னால் அவள் பார்வை போனது. அந்த வெளிறிய கோடு தடித்துக்கொண்டிருந்தது. பழுப்பாகி, கறுத்து, குடம் குடமாகக் கக்கியது. வேறு யாரோ திறந்துவிட்டார்கள். அவனும் திரும்பிப் பார்த்தான். முற்றத்துக் கொடியில் காய்ந்த துணிகள் மெல்ல எழுந்து இந்தப் பக்கம் சாய்ந்தன.

உள்ளே மூன்று குழந்தைகள்.

அவள் ஓடிப்போய் முதல் ஜன்னலைச் சாத்தினாள், அடுத்ததை, அதற்கடுத்ததை. எதிர்ச் சுவரில் தாழ்ப்பாள் துருப்பிடித்த ஜன்னல் ஒன்று அசையாமல் நின்றது. அவன் தோளைக் கொடுத்து அதைத் தள்ளிக்கொண்டிருந்தான்.